கண்ணில்லாத காவலன் சுவரை அறிவது எப்படி?

கணினி விளையாட்டில் உலவும் காவலனுக்கு விழி இல்லை. ஆயினும் சுவரருகே வந்ததும் அவன் திரும்பிவிடுவதைக் கண்டு நீங்கள் வியந்திருப்பீர்கள்.

அமாவாசை இருளில் கைத்தடியை முன்னே நீட்டித் தட்டி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தடியைப் போலவே, காவலனின் மார்பிலிருந்து அவன் நோக்கும் திசையில், குறித்த நீளமுள்ள அரூபமான நேர்க்கோடு ஒன்றைக் கணினி நீட்டி, அது எந்தெந்தப் பொருளின் எல்லையை வெட்டுகிறதென்று கணக்கிட்டு, அவற்றுள் மிக அண்மையிலுள்ளது எது, எவ்வளவு தூரத்தில் என்று தெரிவிக்கிறது.

பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்? ஒவ்வொன்றையும் சூழ்ந்த கற்பனைப் பெட்டியைக் கோடு தொடுகிறதா என்பதே முதலில் சோதிக்கப்படும். தொடாதவை அக்கணமே தள்ளப்படும். மிக அழகான யுக்தி இது!

ஆனால் கோட்டுக்கு அகலம் இல்லையே! நெருங்கி நிற்கும் இரு தூண்களின் நடுவே அது தடையின்றிச் சென்றுவிட, பின்னே வரும் காவலனின் தோள் தூணில் இடிக்கும். ஆதலின் இடமும் வலமுமாகச் சாய்த்துப் பல கோடுகளை அனுப்புவார்கள். கோடு புறப்படும் அவனுடைய சொந்த உடலே தடையாகிவிடாதபடி, அதனைக் கணக்கிலிருந்து விலக்குவதும் அவசியம்.

1992-ல் வெளிவந்த ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்ற கணினி விளையாட்டு இதே தத்துவத்தால் காட்சியையே தீட்டியது: திரையின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஒரு கோடு அனுப்பி, அண்மைச் சுவரை உயரமாகவும் தொலைச் சுவரைக் குட்டையாகவும் வரைந்து, வேகம் குறைந்த அக்காலக் கணினிகளிலும் முப்பரிமாணத் தோற்றத்தை உண்டாக்கியது.