கழிவறைத் தொட்டியில் குப்பி இடுதல்

கழிவறைத் தொட்டியில் குப்பி இடுதல் என்பது, ஒவ்வொரு முறையும் திறந்துவிடப்படும் நீரின் அளவை ஏறத்தாழச் செலவின்றிக் குறைக்கும் எளிய முறையாகும். 10 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பழைய தொட்டிகளுக்கே இது பொருந்தும்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குப்பியில் நீரும் சில கூழாங்கற்களும் நிரப்பி, இறுக மூடி, மிதவையிலும் அடைப்பானிலும் படாதவாறு தொட்டிக்குள் நிறுத்த வேண்டும். குப்பி அடைத்துக்கொள்ளும் இடத்தில் நீர் நிரம்பாது. நீர்மட்டத்தின் உயரம் குறையாததால் நீர் பாயும் வேகமும் பெரிதும் குறைவதில்லை. மிதவையைத் தாழ்த்துவதைவிட இது மேலானது. செங்கல் இடுவது தவறு. அது நாளடைவில் கரைந்து, துகள்கள் அடைப்பானில் சிக்கி ஒழுக்கை உண்டாக்கும்.

நான்கு பேர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு 20 முறை நீர் திறக்கப்பட்டால், மாதத்திற்கு 500 முதல் 600 லிட்டர் வரை மிஞ்சும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வற்றியபோது, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சென்னைக் குடும்பங்களுக்கு இது சிறிய அளவன்று. எனினும், ஒருமுறை போதாமல் மறுமுறையும் திறக்க நேர்ந்தால் மிச்சம் ஏதுமில்லை. அத்தகைய தொட்டிக்கு அரை லிட்டர் குப்பி இடலாம்.

முன்னதாக ஒழுக்கைச் சோதிப்பது நல்லது. தொட்டியில் சில துளி உணவுச் சாயம் விட்டு, நீர் திறக்காமல் அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது கோப்பையில் நிறம் தெரிந்தால், அடைப்பானின் ரப்பர் தேய்ந்திருக்கக்கூடும். அதனை முதலில் மாற்ற வேண்டும்.