கோபுரமும் குழாயும்

ஒரு பொருளைத் தாங்குதல் என்பது அதனை அசையவொட்டாது இறுகப் பிணித்தலே என நம்மிற் பலர் எண்ணுவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலே நிமிர்ந்து நிற்கும் உருக்குக் கோபுரங்களும், அவற்றின் மருங்கே இறங்கும் பெருங்குழாய்களும் அவ்வெண்ணம் பிழையென்பதைக் காட்டுவன. நம் நாட்டிற் சப்புகஸ்கந்தையில் 1969ஆம் ஆண்டிலே சுத்திகரிப்பு நிலையம் தொழிற்படத் தொடங்கியமையால், இப்பொருள் நமக்கும் அயலானதன்று.

சூடேற்றிய மசகெண்ணெய் கோபுரத்தின் கீழ்ப்பாகத்திற் செலுத்தப்படும். ஆவி மேலெழுந்து, படிப்படியாகக் குளிர்ந்து, டீசல், மண்ணெண்ணெய் முதலியனவாகப் பிரியும். உச்சியை அடையும் ஆவியைக் கீழுள்ள குளிர்கலங்களுக்குக் கொண்டுவருவது நெடுங்குழாய் ஒன்று. கோபுரம் 40 மீற்றர் உயரமுடையது என்க. குழாய் 60 சென்ரிமீற்றர் விட்டமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் உடையதாயின், அதன் நிறை ஏறக்குறைய 6 தொன்.

இதனை நிலத்தில் ஊன்றிய தாங்கியொன்றின்மேல் நிறுத்தினாற் போதாதோ எனின், போதாது. வெப்பநிலை 100 பாகை சதமம் உயரின், ஒரு மீற்றர் உருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் நீளும். தொழில் தொடங்குமுன் யாவும் 30 பாகையில் இருந்தன என்று கொள்வோம். தொழில் நடக்கையிற் கோபுரத்தின் அடி 340 பாகையளவிலும், உச்சி 120 பாகையளவிலும் இருக்கும். சராசரி 230 எனின், கோபுரம் 96 மில்லிமீற்றர் வளரும். குழாயோ உச்சி ஆவியையே கொண்டிருத்தலால் முழுவதும் 120 பாகையிலேயே இருக்கும். அது 43 மில்லிமீற்றரே நீளும். இரண்டினையும் மேலும் கீழும் இறுகப் பிணித்தால், எஞ்சிய 53 மில்லிமீற்றர் வேறுபாடு குழாயை இழுத்து, அது கோபுரத்தோடு சேரும் வாயினை வருத்தும். நாளடைவில் அங்கே வெடிப்புத் தோன்றலாம்.

ஆதலின் பொறியியலாளர் குழாயின் பாரத்தைக் கோபுரத்தின்மீதே, அதுவும் உச்சி வாய்க்குச் சற்றுக் கீழே, ஓரிடத்தில் ஏற்றுவர். குழாயின் இருபுறமும் காதுகள் ஒட்டி, கோபுரத்திற் பொருத்திய தாங்கியில் அவற்றை அமர்த்துவர். வாய்க்கும் தாங்கிக்கும் இடைத்தூரம் சிறிதாகையால் நீட்சியின் வேறுபாடும் சிறிதாகும். அதற்குக் கீழே இடையிடையே தளர்ந்த வளையங்கள் அமையும். அவை காற்றிலே குழாய் ஆடாமற் காக்கும். மேலுங் கீழும் நகர்வதைத் தடுக்கமாட்டா. குழாயின் அடிமுனை 53 மில்லிமீற்றர் மேலெழுமாகையால், அங்கே தாங்கி வேண்டுமாயின் சுருளிவில் வைத்தல் வேண்டும். அசையாத தாங்கி வைப்பின் குழாய் அதனை விட்டெழ, தாங்கி வெறிதே நிற்கும். 

இன்னுமொன்று: கோபுரத்தின் சுவர் அதன் உயரத்தை நோக்க மெல்லியது. தாங்கி ஒட்டுமிடத்தில் மேலதிகத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்புதல் வேண்டும். இவ்வொட்டுவேலை, கோபுரம் தொழிற்சாலையை விட்டுப் புறப்படுமுன்னரே முடிதல் நன்று. எனவே குழாயைப் பற்றிய சிந்தனை கோபுரம் வரையப்படும்போதே தொடங்கல் வேண்டும்.

இச்சிந்தனையின்மை எத்தகைய கேடு விளைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ சான்றாகும். ஆங்கே இரசாயனத் தொழிற்சாலையொன்றிற் பழுதுற்ற கலமொன்றை நீக்கி, அதன் இருமருங்கிலும் நின்ற கலங்களை 20 அங்குல விட்டமுள்ள தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அது நெடுங்குத்தான குழாயன்று. எனினும் தாங்குதலின் நெறி ஒன்றே. முறையான கணிப்பின்றி, சாரக்கட்டின்மேல் அக்குழாயை வைத்தனர். 1974ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆந் திகதி அது பிரிந்தது. வெளியேறிய ஆவி வெடித்து 28 பேர் மாண்டனர்.

நம் கல்லூரி மாணவருள் நாளை இத்துறை புகுவோர் பலர் இருப்பர். எதைப் பிணிப்பது, எதை நெகிழவிடுவது என்று கணித்தறிந்த பின்னரே அவர்கள் குழாயிற் கைவைப்பாராக. அக்கணிப்பை நம்பியே அங்கு தொழிலாளர் பலர் உயிரோடு வீடு திரும்புகின்றனர்.