இது என்ன விமானம்?

பழைய கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடிக் கூண்டு போன்ற விமானி அறை, வலப்பக்க இறக்கைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இடப்பக்கம் ஒரே ஒரு இன்ஜின். இன்ஜினுக்குப் பின்னால் நீண்ட உடல், வால். வாலின் குட்டி இறக்கையும் இடப்பக்கம் மட்டும்தான்! (விமானத்துக்கு எதிரே நின்று எடுத்த படமென்றால் வலமும் இடமும் மாறித் தெரியும், கவனம்.)

படம் பார்த்து விமானத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. இறக்கை, இன்ஜின், உடல், வால் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் விமானங்களை அடையாளம் காணப் பழகியவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வித்தியாசமாக எது கண்ணில் பட்டாலும், 'ஏன் இப்படி?' என்று கேளுங்கள்.

விமானி அறை ஏன் தள்ளி இருக்கிறது? மூக்கில் இன்ஜின் இருந்தால் அது பார்வையை மறைக்கும். அப்படியானால் இதில் போகிறவர்களுக்குக் கீழே நன்றாகத் தெரியவேண்டும். இது வேவு விமானம்! வாலில் ஒரு பக்கம் ஏன் இல்லை? பின்பக்கம் துப்பாக்கியோடு இருப்பவருக்கு அது மறைக்கக்கூடாது. சரி, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதா? புரொப்பெல்லர் சுழலும்போது விமானம் இடப்பக்கம் புரளப் பார்க்கும். வலப்பக்க அறையின் எடை அதைச் சரிக்கட்டிவிடும். ரிச்சர்ட் வோக்ட் வடிவமைத்த இந்த ஜெர்மன் விமானத்தின் பெயர் பிவி 141. முதலில் பறந்தது 1938இல்.

இந்த விளையாட்டையே வேலையாகச் செய்தவர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித். போருக்கு முன் விமானப் பத்திரிகையில் எழுதியவர். போரின்போது இங்கிலாந்தில் மெட்மன்ஹாம் என்ற இடத்தில், வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தார். ஜெர்மனியின் பீனமுண்டே கடற்கரையை 1943 நவம்பர் 28இல் எடுத்த ஒரு படத்தில், ஒரு சாய்தளத்தின்மேல் சிலுவை வடிவில் ஏதோ தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! அதை எப்படி அளப்பது? கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்த லென்ஸ் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். 1:10,000 என்ற அளவில் எடுத்த படமென்றால், படத்தில் அரை மில்லிமீட்டர் தரையில் 5 மீட்டர். அவ்வளவு சின்ன விமானத்தில் விமானி எங்கே உட்காருவார்? அது ஆளில்லாமல் பறக்கும் குண்டு, வி-1. பிரான்சில் எடுத்த படங்களில் முன்பே தென்பட்ட சாய்தளங்கள் எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இப்போது உங்கள் முறை. 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த படம். இடம் காஸ்பியன் கடலோரம். நீளம் 90 மீட்டருக்கும் மேல். ஆனால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 40 மீட்டர்கூட இல்லை. விமானி அறைக்குப் பின்னால் எட்டு, வாலில் இரண்டு என்று பத்து ஜெட் இன்ஜின்கள். இத்தனை குட்டை இறக்கையோடு இது எவ்வளவு உயரத்தில் பறந்திருக்கும்? அது நிற்கும் இடத்தையும் மறக்காமல் யோசியுங்கள்.