சந்தேகத் தோமா

ஞானோபதேச வகுப்பில் ஒருத்தி ஒரு கேள்விக்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், உடனே அவளுக்குச் "சந்தேகத் தோமா" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அப்பெயர் எனக்கும் உண்டு. ஆகவே அந்தத் திருத்தூதரைப் பற்றிச் சற்று விசாரித்து எழுதலானேன்.

உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்றவர் புனித தோமையார் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தை ஏனோ மறந்துவிடுகிறோம். லாசர் இறந்தபோது, தம்மைக் கல்லெறிய முயன்ற யூதேயாவுக்கே இயேசு திரும்பப் புறப்படுகிறார். மற்றச் சீடர்கள் தயங்கி நிற்க, அவரோடு சென்று நாமும் இறப்போம் என்றவர் தோமையார்! பின்னர் காயங்களைக் கண்டதும் இயேசுவைக் கடவுள் என்றே வாய்விட்டு அறிக்கையிட்டவரும் அவரே.

அவர் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர் அருகே கரையிறங்கினார் என்பதும், 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாக மரித்து மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த நம்பிக்கை. அவர் காலத்திலேயே எழுதிய ஏடு எதுவும் இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த ஒரு நூல், கொண்டோபரஸ் என்னும் இந்திய மன்னனிடம் அவர் சென்றதாகக் கூறுகிறது. அப்படி ஓர் அரசன் இருந்ததற்கு வெகுகாலம் வேறு சான்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்குப் பகுதியில் கிடைத்தன. நாணயம் அரசனைத்தானே மெய்ப்பிக்கிறது, பயணத்தை அல்லவே என்று எனக்குள் இருக்கும் தோமா உடனே கேட்கிறாள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அக்கல்லறையைக் கிறிஸ்தவரும் முகமதியரும் தரிசித்ததையும், அங்கிருந்த செம்மண்ணைக் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்ததையும் எழுதியுள்ளார். புனிதரின் எலும்புகள் முன்பே எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்றும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன என்றும் கூறுவர். சாந்தோமில் இன்று காணும் பேராலயம் 1896-இல் எழுந்தது.

சாந்தோமுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1672-இல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைப் பிடித்தனர். கோல்கொண்டா சேனையும் டச்சுக்காரரும் அவர்களை வளைத்துக்கொண்டனர். அந்த நெருக்கடியில் 1673-இல் ஷேர்கான் லோடி அவர்களுக்குப் புதுச்சேரியில் இடம் அளித்தான். பசியோடிருந்த சாந்தோமுக்கு இங்கிருந்து தானியம் சென்றது. 1674-இல் சாந்தோம் வீழ்ந்தது. அதே ஆண்டில் இங்கு வந்து தங்கிய பிரான்சுவா மர்த்தேன், அப்போது சிற்றூராயிருந்த நம் புதுச்சேரியை நகரமாக்கத் தொடங்கினார்.