மலையேறும் உழைப்பு – 9: காயம் ஆறும் வரை கூலிக்கு யார் பொறுப்பு?

2024 பிப்ரவரி 7. ஊட்டிக்கு அருகே லவ்டேல் காந்தி நகரில் வீடு கட்டும் பணி நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பயன்பாடின்றிக் கிடந்த பொதுக் கழிப்பிடக் கட்டடம் சரிந்து, வேலையில் இருந்தவர்கள் மீது விழுந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். கைது நடவடிக்கைகளும் தொடர்ந்தன. இப்படியான ஒவ்வொரு விபத்திலும் காயத்தோடு பிழைப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த வாரம் முதல் அவர்கள் வீட்டில் அடுப்பெரிய யார் பொறுப்பு என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

சட்டத்தில் பதில் இருக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின்போது அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கியவருக்கு வேலை கொடுத்தவர் அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும். சிகிச்சைச் செலவும் அவருடையதே. முடக்கம் நிரந்தரமானால் கணக்கு வேறு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதாகச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மாதம் 10,000 ரூபாய் வாங்கும் 40 வயதுக்காரர் கட்டைவிரலை இழந்தால், சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்குரிய 184.17 என்ற காரணியோடு பெருக்கி, அதில் 30 சதவீதமாக 3,31,506 ரூபாய் வரும்.

இந்தத் தொகை கைக்கு வர, அவர் அங்கே வேலை செய்தார் என்பதும் மாதம் இவ்வளவு வாங்கினார் என்பதும் நிரூபணமாக வேண்டும். மேஸ்திரி காலையில் ஆள் சேர்த்துக்கொண்டு போய், மாலையில் கூலியைக் கையில் கொடுக்கும் இடங்களில் அதற்கு ஒரு தாள்கூடக் கிடையாது. அடிபட்டவர் கட்டுப்போட்ட கையோடு சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே நோய்க்கும் ஊனத்துக்கும் முதலாளி செய்ய வேண்டிய முதல் கடமை, யாருக்கும் எதுவும் ஆகாத நாளிலேயே வருகிறது: பேரேட்டில் பேரையும் கூலியையும் எழுதிவைப்பது.

இதே மலையில் வேறு நிலைமையும் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக உருவாகி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ தேயிலைத் தோட்டக் கழகம், அரசு நிறுவனம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. உள்ள ஆலையில், நோயுற்றவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும், வேலையில் அடிபட்டவருக்கு 90 சதவீதமும் கிடைக்கும். உதவித்தொகை பெறும் நாட்களில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. முறிந்த எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த வாசலில் வேலைக்குப் போனார் என்பதைப் பொறுத்து அவர் வாழ்வு நிற்கிறது, அல்லது சரிகிறது. இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தோட்ட முதலாளிகள் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று வழி திறந்திருக்கிறது. நீலகிரித் தோட்ட நிர்வாகங்கள் அதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்கும் சிறு தேயிலை விவசாயிக்கும், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பயிரிடுபவருக்கும், கட்டட ஒப்பந்தக்காரருக்கும் சட்டப் புத்தகத்துக்கு அப்பாலும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆள் படுத்துவிட்டால் வாரம் ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள். எப்போது வருவாய் என்று நெருக்குவதற்காக அல்ல. உன் இடம் அப்படியே இருக்கிறது என்று சொல்வதற்காக. மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்றதும், செங்குத்துச் சரிவில் சுமை தூக்க அனுப்பாதீர்கள். எடை போடுவது, நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது, காய் தரம் பிரிப்பது என்று உட்கார்ந்து செய்யும் வேலை எல்லா இடத்திலும் இருக்கிறது. அரை நாளில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

இவை செலவு என்று சிலர் சொல்வார்கள். கொழுந்தெடுக்கும் கை பழகப் பல பருவங்கள் பிடிக்கும். பழகிய ஆளை இழப்பதும் நட்டம்தான். ஆனால் லாபக் கணக்கு பொருந்தாத இடத்திலும் இந்தக் கடமை மாறாது. அவர் உடம்பு கெட்டது உங்கள் வேலையில்.

அடுத்த வாரம்: இழப்பீட்டு மனு எங்கே, எப்படிக் கொடுப்பது?

(தொடரும்)