லைக் போட்டவர் வாங்குவாரா?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் பசியாறக் கடை வைத்தவர்கள் விளம்பரத்துக்கு அதிகம் மெனக்கெட்டதில்லை. கெக் லோக் சி கோயிலுக்கு வருகிறவர்களும், 1923 முதல் ஓடும் கொடிமலை ரயிலுக்கு வருகிறவர்களும் போதுமான கூட்டம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, தெரு வெறிச்சோடியது. வீட்டிலிருந்தே தோசை மாவும் முறுக்கும் விற்கக் கிளம்பியவர்களுக்கு முகநூலும் புலனமுமே (வாட்ஸ்அப்) கடைத்தெரு ஆயின.

இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முகநூல் பக்கத்தில் நீங்கள் போடும் படம் உங்களைப் பின்தொடரும் எல்லாருக்கும் போய்ச் சேராது. இவர் இதற்குக் கருத்து எழுதுவாரா, பகிர்வாரா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணித்து, அதன்படி பதிவுகளை வரிசைப்படுத்துகிறது ஒரு நிரல். 2018 ஜனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று முகநூல் நிறுவனம் அறிவித்தது. வணிகப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. ஆயிரம் லைக் வைத்திருப்பவர் அன்றைய முறுக்கை நூறு பேருக்குக் காட்டவே காசு கட்ட வேண்டியிருக்கலாம்.

புலனத்தின் ஒலிபரப்புப் பட்டியலில் இந்தக் கணிப்பு கிடையாது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. இன்னொரு நிபந்தனைதான் முக்கியம்: உங்கள் எண்ணைத் தம் கைத்தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதாவது, வாடிக்கையாளர்தான் உங்களை உள்ளே விட வேண்டும். என்னைக் கேட்டால், மாவுப் பொட்டலத்தோடு “எண்ணைச் சேமிச்சு வச்சுக்குங்கக்கா” என்று ஒரு வார்த்தை சொல்வதுதான் இந்தத் தொழிலின் மிக மலிவான விளம்பரம்.

சரி, புது ஆள் எங்கிருந்து வருவார்? மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இதற்கு உதவும். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். புதுச் செய்தியைக் கொண்டுவருவது அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் என்றார் அவர். அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, கோயில் திருவிழாக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு எல்லாம் அப்படிப்பட்ட பழக்கங்கள்தாம். அங்கே ஒருவர் “மாவு நல்லா பொங்குது” என்று எழுதினால், அது கடைக்காரரே போடும் பத்துப் படத்துக்குச் சமம்.

அதற்காகத் தீபாவளிச் சலுகைப் படத்தை ஊரெல்லாம் சுற்றவிட நினைப்பதில் பலனில்லை. வதந்திகளைத் தடுக்க, புலனத்தில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் வரம்பு வந்தது. பல கை மாறி வந்த செய்தியானால், 2020 ஏப்ரல் முதல் ஒன்றுக்குத்தான். முறுக்கா வதந்தியா என்று அந்த வரம்பு பார்ப்பதில்லை.

குரல் பதிவை மட்டும் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ் சரளமாகப் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு விலைப்பட்டியலை அனுப்புவதைவிட, “அண்ணே, நாளைக்கு இடியாப்பம் இருக்கு, எத்தனை வேணும்?” என்று பேசி அனுப்பினால் பதிலும் குரலிலேயே வரும், பெரும்பாலும் எண்ணிக்கையோடு.