ஆரம்பாக்கம் தாண்டுற வரைக்கும் ஸ்டியரிங்கை விடாதீங்க மாமா

போன டிசம்பர் லீவுல, மாமா புதுசா வாங்கின எலெக்ட்ரிக் கார்ல பூநாரை பார்க்க சூளூர்பேட்டை பக்கம் கிளம்பினோம். விடியக்காலை 5 மணி. செங்குன்றம் நெரிசலைத் தாண்டினதும் மாமா ஸ்டியரிங்ல இருந்த ஒரு பட்டனை அமுக்கினார். ஸ்பீடு 90-ல செட் ஆச்சு. கார் தானா லேனுக்கு நடுவுல ஓடுச்சு. முன்னாடி போற வண்டி வேகம் குறைஞ்சா இதுவும் குறைச்சுது, அது நகர்ந்தா இதுவும் நகர்ந்துச்சு. கும்மிடிப்பூண்டி வரைக்கும் மாமா முகத்துல அப்படி ஒரு பெருமை.

எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆரம்பாக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு விஷயம் நடந்துச்சு.

முதல்ல ஒரு லாரி. பாதி ரோட்டு ஓரத்துலயும் பாதி லேன்லயும் நின்னுட்டு இருந்துச்சு. பின்னாடி லைட் இல்ல, சிவப்பு முக்கோணம் இல்ல. நாலு கல்லும் ஒரு மரக்கிளையும்தான் எச்சரிக்கை. கார் வேகத்தைக் குறைக்கவே இல்ல. மாமாதான் பதறி பிரேக்கை மிதிச்சு வலது பக்கம் ஒடிச்சார். அஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது. ரோடு காலி. தலைக்கு மேல, சாலைக்குக் குறுக்கே நிக்கிற பச்சை வழிகாட்டிப் பலகை மட்டும்தான் இருந்துச்சு. கார் தானா பிரேக் போட்டுடுச்சு. பின்னாடி வந்த டிரெய்லர்காரர் அடிச்ச ஹாரன்ல பின் சீட்ல தூங்கிட்டு இருந்த அத்தை எழுந்து உட்கார்ந்துட்டாங்க.

"நிக்கிற லாரிக்கு நிக்கல, போர்டுக்கு நிக்குது. என்ன மாப்ள சாஃப்ட்வேர் இது? நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, சொல்லு."

அன்னைக்கு சரியா சொல்லத் தெரியல. இப்போ சொல்றேன். எந்தக் கம்பெனி கார்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சினை இல்ல. அதோட, மாமா பார்த்தது ரெண்டு தப்பு இல்ல. ஒரே தப்போட ரெண்டு முகம்.

காரோட முன் பம்பருக்குப் பின்னாடி ஒரு ரேடார் இருக்கு. 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். (76–77 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம கார் ரேடாருக்குப் பயன்படுத்தலாம்னு நம்ம அரசு விதி கொண்டுவந்ததே 2015-லதான்.) ரேடார் தூரத்தை நல்லா அளக்கும். டாப்ளர் விளைவு இருக்கறதால வேகத்தை இன்னும் நல்லா அளக்கும். ஆனா சாதாரண கார் ரேடாருக்கு உயரம் தெரியாது. 100 மீட்டர் தள்ளி, நேர் எதிர்ல, நகராம ஒண்ணு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அது ரோட்டுல நிக்கிற லாரியா, 6 மீட்டர் உயரத்துல தொங்குற போர்டா, தரையில கிடக்கிற இரும்பு மூடியா, அதுக்குத் தெரியாது.

நெடுஞ்சாலையில நகராத பொருள் எத்தனைன்னு யோசிங்க. தடுப்புக் கம்பி, பாலம், போர்டு, விளக்குக் கம்பம். இது ஒவ்வொண்ணுக்கும் பிரேக் போட்டா வண்டி ஓட்ட முடியாது. அதனால பல வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறவங்க ஒரு குறுக்கு வழி வச்சிருந்தாங்க: நாம போற அதே வேகத்துல நம்மை நோக்கி 'வர்ற' பொருள், அதாவது நிலத்துல நிலையா நிக்கிற பொருள், அதைப் பெருசா நம்பாதே. நகர்ற வண்டியை மட்டும் பின்தொடர். காரோட கையேட்டைப் புரட்டினா, நிக்கிற வண்டியைக் கண்டுபிடிக்காம போகலாம்னு எங்கயாவது ஒரு பெட்டிக்குள்ள எச்சரிக்கை போட்டிருப்பாங்க. யாரும் படிக்கிறதில்ல. மாமாவும் படிக்கல.

இதுல பேர் போன சம்பவம் கலிஃபோர்னியாவுல நடந்துச்சு. 2018 ஜனவரி, கல்வர் சிட்டி. ஒரு டெஸ்லா மாடல் எஸ், ஆட்டோபைலட்ல முன்னாடி போன வண்டியைப் பின்தொடர்ந்துட்டு இருந்துச்சு. முன் வண்டி சட்டுனு லேன் மாறுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தீயணைப்பு வண்டி நின்னுட்டு இருந்துச்சு. 'வழி காலி'னு முடிவு பண்ணி டெஸ்லா வேகம் கூட்டி, சுமார் 50 கி.மீ. வேகத்துல அதுல மோதுச்சு. யாருக்கும் காயம் இல்ல. இதே மாதிரி நிக்கிற அவசர வண்டிகள்ல மோதின பல சம்பவங்களை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2021-ல விசாரிக்க ஆரம்பிச்சு, 2023 டிசம்பர்ல சுமார் 20 லட்சம் கார்கள் ரீகால் ஆச்சு. ஒர்க்ஷாப்புக்கு வரச் சொல்லல, சாஃப்ட்வேர் அப்டேட்தான். கவனிக்க வேண்டியது, அந்த அப்டேட்டோட முக்கிய நோக்கம் கார் இன்னும் நல்லா பிரேக் போடணும்ங்கறது இல்ல. டிரைவர் ரோட்டைப் பார்க்கிறாரான்னு இன்னும் கறாரா கவனிக்கணும்ங்கறது.

'அப்போ அந்த ஃபில்டரைத் தளர்த்திட வேண்டியதுதானே?'னு கேட்கலாம். தளர்த்தினா போர்டுக்கெல்லாம் பிரேக் விழும். பின்னாடி 40 டன் டிரெய்லர் வர்ற ரோட்டுல அதுவும் உயிர் போற விஷயம்தான். கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தினா லாரியை விட்டுடும், அந்தப் பக்கம் நகர்த்தினா நிழலுக்கும் நிக்கும். இதுக்கு நடுவுலதான் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு இடம் பார்த்து நிக்குது. மாமா கார் ஒரே காலையில ரெண்டு பக்கமும் தவறிடுச்சு.

கோட்டை நகர்த்தாம தப்பிக்கணும்னா தகவல் அதிகமா வேணும். உயரத்தையும் அளக்கிற 4டி ரேடார் ஒரு வழி. இன்னொண்ணு கேமரா: ரேடார் 'ஏதோ இருக்கு'ன்னா, கேமரா 'அது லாரியோட பின்பக்கம்'னு உறுதி செய்யணும். பகல்ல இது நல்லாவே நடக்கும். ராத்திரிக் கணக்கைப் பாருங்க. மணிக்கு 90 கி.மீ.ன்னா நொடிக்கு 25 மீட்டர். சாஃப்ட்வேர் முடிவெடுக்க அரை நொடின்னு வச்சாலும் 12.5 மீட்டர் போயிடும். முழு பலத்தோட, நொடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைஞ்சா நிக்க இன்னொரு 45 மீட்டர். மொத்தம் 57. லோ பீம் வெளிச்சத்துல லைட் இல்லாத பொருள் தெளிவா தெரியறதும் சுமார் 50, 60 மீட்டர்தான். அதாவது எல்லாம் சரியா நடந்தாலே லாரியோட டெயில்போர்டை முத்தமிட்டுத்தான் நிக்கும். அல்காரிதத்தை எவ்வளவு மெருகேத்தினாலும் இந்த எண் மாறாது. செட் ஸ்பீடைக் குறைச்சாதான் மாறும். இருட்டுல தானாவே உச்ச வேகத்தைக் குறைக்கிற சாஃப்ட்வேர் வரணும்னு நான் நினைக்கிறேன். வாங்கினவங்க திட்டுவாங்க, தெரியும்.

எலெக்ட்ரிக் கார்ல ஒரு வசதி இருக்கு. மோட்டார் டார்க்கை மில்லிசெகண்ட் கணக்குல மாத்தலாம், அதனால முன் வண்டியைப் பின்தொடர்றது பெட்ரோல் காரை விட வழவழன்னு இருக்கும். லேசான பிரேக் எல்லாம் ரீஜென்லயே முடிஞ்சுடும், பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். ஆனா வீட்ல 100 சதவீதம் சார்ஜ் போட்டுக் கிளம்பினா பேட்டரியால அந்த சக்தியை வாங்கிக்க முடியாது. ரீஜென் குறையும், அந்தக் குறையை டிஸ்க் பிரேக் ஈடுகட்டணும். இந்தக் கைமாத்தல்ல கொஞ்சம் தடுமாறினாலும் உள்ள இருக்கிறவங்களுக்குக் குலுங்கும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'பிளான்ட் மாறினா கெயினும் மாறணும்'னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான்.

சரி, லாரியை விடுங்க. இந்த ரோட்டுல எனக்கு உண்மையான பயம் வேற. தேசிய நெடுஞ்சாலை 16-க்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. நொச்சிக்குப்பம் மாதிரி மீனவ ஊர்கள்ல இருந்து விடியக்காலையில இறாலும் நண்டும் மடவையும் ஆரம்பாக்கத்துக்கு வரும். டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னாடி ஆள் உயரத்துக்கு தெர்மாகோல் பெட்டி கட்டி வருவாங்க. தலையில அன்னக்கூடையோட அக்காங்க மீடியன்ல இடைவெளி பார்த்துக் குறுக்கே கடப்பாங்க. யு-டர்ன் தூரம்னு சிலர் ஓரமா எதிர்த்திசையிலயும் வருவாங்க. நம்ம 90-ம் அந்த எக்ஸ்எல்லோட 30-ம் சேர்ந்தா நொடிக்கு 33 மீட்டர். 100 மீட்டர்ல கண்ணுல பட்டாலும் மூணே நொடி. தப்பு யாரோடதுன்னு பேச அப்போ நேரம் இருக்காது.

காருக்கு இவங்களை அடையாளம் தெரியுமா? அது எந்தப் படங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுங்கறதைப் பொறுத்தது. உலகம் முழுக்க அதிகம் பயன்படுற சிட்டிஸ்கேப்ஸ் தரவுத்தொகுப்பு பெரும்பாலும் ஜெர்மன் நகரங்கள்ல எடுத்தது. ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட இந்தியன் டிரைவிங் டேட்டாசெட்ல ஹைதராபாத், பெங்களூரு பக்கம் எடுத்த 10,004 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குக்குத் தனி வகை. எனக்குப் பிடிச்சது, 'ரோடு இல்ல, ஆனா வண்டி போகும்'ங்கற அர்த்தத்துல இருக்கிற ஒரு வகை. நம்ம ஊர் ரோட்டு ஓரத்தை இதைவிட நேர்மையா யாரும் பெயரிட முடியாது.

இருங்காட்டுக்கோட்டையில தயாராகி 2025 ஜனவரியில வந்த கிரெட்டா எலெக்ட்ரிக், 2024 நவம்பர்ல சென்னையில அறிமுகமான மஹிந்திராவோட ரெண்டு எலெக்ட்ரிக் கார்கள்னு லெவல் 2 ஏடாஸ் இப்போ வேகமா பரவுது. லெவல் 2ன்னா பொறுப்பு முழுக்க டிரைவரோடதுதான். கார் ஓட்டல, உதவி மட்டும் செய்யுது. ஷோரூம்ல இதை எவ்வளவு அழுத்திச் சொல்றாங்கன்னு நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க.

இந்தக் கடுப்புலதான் நானும் ரூம்மேட்டும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை எடுத்தோம். கார்லா ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர், 2017-ல வந்தது. அதுல லைட் இல்லாத லாரியை லேன்ல பாதி நீட்டி நிறுத்தினோம், மேல ஒரு போர்டு வச்சோம், பொழுதை ராத்திரியாக்கினோம். மாமா கார் செஞ்ச ரெண்டு தப்பையும் ஒரே வாரத்துல நாங்களே செய்ய வச்சுட்டோம். திருத்தத்தான் ரெண்டு மாசமா திணறுறோம்.

போன ரிவ்யூவுல எங்க கைடு ஸ்லைடை எல்லாம் பொறுமையா பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க. "லாரி சரிப்பா. கூடையைத் தலையில வச்சிட்டுப் போற அம்மா உங்க மாடலுக்கு யாரு?"

"மனுஷங்கற வகைதான் மேடம்"னு சொல்லிட்டு வந்தேன். ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து, ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப்ல நான் எடுத்த வீடியோவை மாடலுக்குக் கொடுத்துப் பார்த்தோம். கூடை கீழ இருக்கிற வரைக்கும் அவங்களைச் சுத்தி பச்சைக் கட்டம் அசையாம நின்னுச்சு. தலையில தூக்கினதும் கட்டம் மினுக்க ஆரம்பிச்சு, ரோட்டுல கால் வைக்கிற நேரத்துல ரெண்டு ஃப்ரேமுக்குக் காணாமப் போச்சு. அடுத்த வாரம் மறுபடி அங்க போறேன், அவங்ககிட்ட கேட்டுட்டு இன்னும் நிறைய வீடியோ எடுக்கணும். மாமாதான் காரை எடுத்துட்டு வர்றார். பட்டனை அமுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கார்.